சுவரில் மாட்டிய பயிற்றுநர்

நீர் விளையாட்டுப் பயிற்சி கொடுக்கப் புதிதாக வருகிறவர்களிடம் பேசச் சொல்லி என்னை அவ்வப்போது அழைக்கிறார்கள். போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முன்வரிசையிலிருந்து யாராவது எழுந்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள்: "மேடம், சர்டிபிகேட் முக்கியமா, எக்ஸ்பீரியன்ஸ் முக்கியமா?" கேட்பவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். ஆனால் அது காதில் விழுந்ததும் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. கூட்டத்தில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து வருத்தப்படுவதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்திலும் கோபம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் நடுநிலையாகப் பேச எனக்கு வராது. தண்ணீரில் இருந்தது என் மகள்.

விழுப்புரம் தனி மாவட்டமான தொண்ணூற்று மூன்றில், திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்தேன். பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டும் என்று நான் கேட்டபோது, "பொம்பளப் புள்ளைங்களுக்கு எதுக்குங்க நீச்சலு? கப்பல்லயா போவப் போவுதுங்க?" என்று ஒரு அப்பா எல்லோரையும் சிரிக்க வைத்தார். தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர் சிரிக்கவில்லை. செய்யச் சொன்னார். பிரம்மதேசத்துப் பக்கம் ஒரு மாணவியின் குடும்பம் தங்கள் பம்புசெட்டுக் கிணற்றைச் சனிக்கிழமைகளில் எங்களுக்கு விட்டது.

கிணற்றில் எப்படிச் சொல்லித்தருவார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளையின் இடுப்பில் கயிறு. அதன் மறுமுனை படியில் நிற்பவர் கையில். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் இறங்கும். நாலு பக்கமும் சுவர், கண் வேறு எங்கும் போக வழியில்லை. பிள்ளை தவித்தால் கயிறு கையில் சொல்லிவிடும். பல வருடம் அப்படிச் சொல்லித்தந்தேன். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு, பயிற்றுநர் சான்றிதழ் வேண்டும் என்று பள்ளி நிர்வாகம் கேட்டதால் ஒரு கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய்ப் படித்தேன். விழுப்புரத்தில் ஆண்கள் பள்ளி ஒன்றின் உடற்கல்வி ஆசிரியர் இருதயராஜும் அதே வகுப்பில் இருந்தார். என்னைவிட இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரே பேருந்தில் போய்வருவோம். அவரும் என்னைப்போலக் கிணற்றில் கயிறு பிடித்தவர்தான்.

அந்தப் படிப்பில் பெரும்பகுதி எங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு மணி நேரம் மட்டும் தெரியாதது. நீச்சல்குளம் நிறையப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது எங்களைக் கரையில் நிறுத்தி, இதில் ஆபத்தில் இருப்பவரைக் காட்டுங்கள் என்றார்கள். நாங்கள் எல்லோரும் கத்துகிற பிள்ளைகளைக் காட்டினோம். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, அவனை அப்புறம் பாருங்கள் என்றார் பயிற்சி கொடுத்தவர். மூழ்குகிற ஆளால் கத்த முடியாது, கையைத் தூக்கி ஆட்டிக் கூப்பிட முடியாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்தும். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும், கீழே போகும். பக்கத்தில் இருப்பவருக்கு ஏதோ விளையாடுவதுபோலத் தெரியும்.

திரும்பி வரும்போது இருதயராஜ் மேல்மருவத்தூர் தாண்டும்வரை ஜன்னல் வழியாக ஏரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம், "அக்கா, இத்தினி நாளு இது தெரியாமதான் கயிறு புட்ச்சிக்கினு இருந்தோமா? ஆண்டவர்தான் காப்பாத்தினாரு" என்றார். அவர் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவருக்குத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிச் சாகச முகாம்கள் முளைத்தன. துடுப்புப் படகு, மிதவை, நீச்சல், பிள்ளைகளுக்கு ஒரு நாள் கொண்டாட்டம். அவர்களிடமிருந்து எனக்கும் போன் வரும். பேச்சு தேன் மாதிரி இருக்கும். "மேடம், உங்களுக்கு எந்தச் சிரமமும் இல்ல. நீங்க வரவே வேணாம். சர்டிபிகேட்ட மட்டும் குடுத்தா போதும், மாட்டி வெச்சிக்கறோம்." நான் வருகிறேன் என்று சொன்னால் போனை வைத்துவிடுவார்கள். மருந்துக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். சட்டத்துக்காக ஒருவரின் சான்றிதழ் கண்ணாடிக்குள் தொங்கும், மாத்திரை எடுத்துத் தருபவர் வேறொருவராக இருப்பார். அந்தப் பழக்கம் தண்ணீர்க் கரைக்கு வந்தபோது யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

என் மகள் ஜெனி எட்டாம் வகுப்பு முடித்த கோடையில், அவளுடைய பள்ளி இப்படி ஒரு முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனது. அவள் படித்தது நான் வேலை பார்த்த பள்ளியில் இல்லை. துணைக்கு வருகிற தாயாக நானும் பேருந்தில் ஏறினேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் போய், உப்பங்கழிக் கரையில் இறங்கினோம். ஜெனியின் தோழி நஸ்ரினும் வந்திருந்தாள். கோட்டக்குப்பத்துப் பெண், அப்பா வளைகுடாவில் வேலை. தண்ணீரைப் பார்த்ததும் அவள் ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கரையில் எங்களை வரவேற்றவர் கலியமூர்த்தி. ஐம்பது வயதிருக்கும், மீன்பிடிக் குடும்பம். அன்றைக்கு அத்தனை பிள்ளைகளுக்கும் அவர் ஒருவர்தான்.

"இந்தத் தண்ணிக்கு நான் மாப்ள முற டீச்சர். பொறந்ததுல இருந்து இதுலதான் கெடக்கறேன். யாருக்கும் ஒரு கீறலு பட்டதில்ல" என்றார் என்னிடம். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பயப்படறவங்கள்லாம் கைய தூக்குங்க பாக்கலாம். மொதல்ல உங்களத்தான் கவுக்கப் போறேன்" என்றார். பிள்ளைகள் கூவிச் சிரித்தார்கள். எனக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. தண்ணீரோடு அவர் பழகுகிற விதத்தைப் பார்த்தாலே தெரியும், அது நடிப்பில்லை.

பிள்ளைகள் படகுகளில் ஏறத் தொடங்கியதும், குடிதண்ணீர் பிடித்து வரலாம் என்று அலுவலக அறைக்குள் போனேன். மேசைக்குப் பின்னால் சுவரில் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ். கீழே "தலைமைப் பயிற்றுநர்" என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். போட்டோவில் இருதயராஜ்.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, தெரிந்தவர் இருக்கிறாரே என்று. எங்கே அவர் என்று மேசையில் இருந்த முகாம் மேனேஜரைக் கேட்டேன். "சார் வருவாரு மேடம், வருவாரு" என்று செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். நான் இருதயராஜுக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கே இருதயம்?"

"விழுப்புரத்துலதாங்க்கா. ஸ்பெஷல் கிளாசு. பசங்கள கிரவுண்டுல ஓட வுட்டுக்கினு இருக்கேன். இன்னாக்கா விசயம்?"

"உன் சர்டிபிகேட்டு இங்க செவுத்துல தொங்குது. நீதான் இங்க தலைமைப் பயிற்றுநராம்."

அவர் விசில் ஊதிப் பசங்களை நிறுத்துவது கேட்டது.

"அது சும்மா ஒரு பார்மாலிட்டிக்கா. மெடிக்கல் ஷாப்புல வெக்கிறதில்ல, அந்த மாரி."

"மெடிக்கல் ஷாப்புல மாத்திரதான்டா குடுக்கறாங்க. இங்க புள்ளைங்க தண்ணியில இருக்குது."

"அங்க கலியமூர்த்தின்னு ஒருத்தரு இருப்பாருக்கா. அவரு பாத்துக்குவாரு. தண்ணி விசயத்துல எனக்கே அவரு கத்துக் குடுக்கலாம்."

"நீ அவருக்கு எதனா கத்துக் குடுத்தியா?"

வெளியே பிள்ளைகள் கத்துகிற சத்தம் மாறியிருந்தது. போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

நடந்ததைப் பிறகுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன், இங்கே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். படகில் ஏற்றும்போது மிதவைச் சட்டை ஒன்று குறைந்திருக்கிறது. கலியமூர்த்தி ஜெனியிடம், "நீ நீச்சல் டீச்சர் பொண்ணாமே கண்ணு, உனக்கு எதுக்கு இது? அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடு" என்றிருக்கிறார். ஜெனி பெருமையாகக் கழற்றி நஸ்ரினுக்குப் போட்டுவிட்டிருக்கிறாள். பெரியவர்கள் அளவுச் சட்டை அது. இருவரும் ஒரே படகு. நடுவில் ஆழமான ஓடைப் பகுதிக்குப் போனபின், கடல்காற்று எழப்போவது கலியமூர்த்திக்குத் தெரிந்துவிட்டது. கரையில் இலைகூட அசையாத நேரம் அது. "காத்து வருது, எல்லாம் கரைக்குத் திருப்புங்க, ஜல்தி ஜல்தி!" என்று விரட்டியிருக்கிறார். அது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவசரத்தில் திருப்பியபோது இரண்டு படகுகள் இடித்து, ஜெனியின் படகு கவிழ்ந்தது. நஸ்ரினின் மிதவைச் சட்டை கழுத்துக்கு மேல் ஏறி முகத்தை மூடிவிட்டது. கண் தெரியாமல் அவள் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து அதன்மேல் ஏறினாள். கைக்குக் கிடைத்தது ஜெனி.

நான் கரைக்கு வந்தபோது கலியமூர்த்தி நஸ்ரினைத் தூக்கித் தன் படகில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் "அத்தா, அத்தா" என்று அப்பாவைக் கூப்பிட்டு அலறினாள். அவர் என்னைப் பார்த்து ஒன்றுமில்லை என்று கையை உயர்த்தினார்.

"ஜெனி எங்க?" என்று கத்தினேன்.

"அது நீந்திக்கினு வரும் டீச்சர்! அதுக்கு இன்னா!"

இந்த வார்த்தைகளை எத்தனையோ முறை தூக்கத்தில் கேட்டிருக்கிறேன். அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார். கத்துகிறவளுக்கு ஆபத்து, நீச்சல் தெரிந்தவளுக்கு ஆபத்தில்லை என்பது அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது. அவரோடு தண்ணீரில் இறங்கியவர்கள் எல்லோரும் நீந்தத் தெரிந்த ஆட்கள். மேலே ஒருத்தி ஏறி அழுத்திய பிறகு நீச்சல் தெரிந்த பிள்ளையின் மூச்சு என்ன ஆகும் என்று அவர் பார்த்ததே இல்லை.

கவிழ்ந்த படகின் மறுபக்கத்தில் ஜெனியின் தலை தெரிந்தது. முடி முகத்தில் ஒட்டியிருந்தது. வாய் மேலே வந்தது, கீழே போனது. சத்தமே இல்லை. பக்கத்துப் படகில் இருந்த பிள்ளைகள், "ஆன்ட்டி, அவ அங்கதான் இருக்கா, வெளாடறா" என்றார்கள்.

சுடிதாரோடு இறங்கினேன். சேறு காலை இழுத்தது, பிறகு ஆழம் வந்தது. அவளை நெருங்கியபோது என் மகளின் கண் என்னைப் பார்த்தது. ஆனால் நான் யாரென்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. நேராகப் போய் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று உடம்பு துடித்தது. அப்படிப் போயிருந்தால் அவள் என்மேல் ஏறியிருப்பாள், இரண்டு பேரும் போயிருப்போம். முகத்தைப் பார்க்காமல் மூழ்கிச் சுற்றி, பின்னால் போய்த் தாடையைப் பிடித்தேன். பெற்ற பிள்ளைக்கு முதுகுப்பக்கமாகப் போவதற்கு எவ்வளவு மனம் வேண்டும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது. ஆனால் பின்னால் போ என்று ஒரு வகுப்பில் சொன்னதால்தான் போனேன்.

அதற்குள் காற்று பிடித்துவிட்டது. அவளை ஏந்திக்கொண்டு என்னால் கரைப்பக்கம் ஒரு கை தூரம்கூட நீந்த முடியவில்லை. கலியமூர்த்தி எங்கள் பக்கம் வராமல் படகை வேறு பக்கம் திருப்பினார். எங்களை விட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்து அவரைப் பெயர் சொல்லித் திட்டினேன். அவர் போய் நின்ற இடத்துக்குத்தான் காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. துரத்தி வந்திருந்தால் படகு எங்கள்மேல் ஏறியிருக்கும். ஒரு கையால் துடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஜெனியை வாங்கிக்கொண்டார்.

கரையில் அவள் தண்ணீரைக் கக்கி மூச்சு விட்டாள். மூச்சு விட்டதும் அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டபிறகுதான் அவள் முகத்தில் ஒட்டியிருந்த முடியை விலக்கினேன்.

நுரையீரலில் நீர் போயிருக்கலாம் என்று திண்டிவனம் மருத்துவமனையில் வைத்துக் கவனித்தார்கள். மறுநாள் கலியமூர்த்தி இளநீர் வாங்கிக்கொண்டு வந்தார். வார்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணே" என்றேன்.

"கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க டீச்சர். பாய் வூட்டுப் பொண்ணு கத்திச்சி, போனேன். உங்க பொண்ணு ஒரு கொரலு குடுத்திருந்தா அதத்தான மொதல்ல தூக்கியிருப்பேன்? ஏன் அது கத்தல?"

"கத்த முடியாதுண்ணே. மூழ்கறவங்களால கத்த முடியாது."

நான் அந்த ஒரு மணி நேரத்தில் கற்றதை அவருக்குச் சொன்னேன். கை எப்படி இருக்கும், வாய் எப்படிப் போய்வரும் என்று செய்து காட்டினேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு பெண் கையை விரித்துக்கொண்டு வாயைத் திறந்து மூடுவதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"இத எங்கிட்ட யாருமே சொல்லலியே" என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

யார் சொல்லியிருக்க வேண்டும்? அந்தச் சுவரில் தொங்கியவர் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் அங்கே போய், கலியமூர்த்தியோடு ஒரு டீ குடித்துக்கொண்டு சொல்லியிருந்தால் போதும். அவரும் பதிலுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லியிருப்பார். சான்றிதழை வாடகைக்கு விட்டதால் காகிதம் கரைக்குப் போய்ச் சேர்ந்தது, காகிதத்துக்குப் பின்னால் இருந்த அறிவு விழுப்புரத்தில் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தது. எது பெரிது என்று என்னிடம் கேட்கிறீர்களே, இரண்டும் ஒன்றையொன்று பார்க்காதபடி பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி ஏன் யாரும் கேட்பதில்லை?

பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பாதிப் பேர், "சர்டிபிகேட்டே இல்லாத ஆள நம்பி எப்படிங்க எறக்கினீங்க? அவன உள்ள வெக்கணும்" என்றார்கள். மீதிப் பேர், "அந்த ஆளுதான காப்பாத்தினாரு? சர்டிபிகேட்டா வந்து தூக்கிச்சி?" என்றார்கள். பட்டிமன்றம் மாதிரி கைதட்டல்கூட விழுந்தது. என் மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இங்கே இரண்டு அணி பிரிந்து பேசுகிறார்கள். நஸ்ரினின் அப்பா செய்தி கேட்டு அவசர விடுப்பில் வந்திருந்தார். கடைசி வரிசையிலிருந்து எழுந்தார்.

"எனக்கு ஒண்ணுதாங்க தெரியணும். செவுத்துல போட்டோ இருக்கிறவரு அன்னிக்கு எங்க இருந்தாரு?"

மேனேஜர் எழுந்தார், சிரித்த முகம். "சான்று பெற்ற ஆளு ஸ்பாட்ல இருந்தாங்க சார். இதோ, மேடமே சர்டிபிகேட் வெச்சிருக்காங்க. அவங்க மேற்பார்வையிலதான் எல்லாம் நடந்துச்சி. ரூல் பிரகாரம் எந்தத் தப்பும் இல்ல."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிள்ளையோடு துணைக்குப் போன தாயை, அந்த நிமிடத்தில் அவர்கள் பயிற்றுநர் ஆக்கிவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

ஜெனியை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று மாலை இருதயராஜ் வந்தார். மேனேஜர் எழுதிக்கொடுத்த வாக்குமூலம் கையில் இருந்தது. மேற்பார்வை செய்ய நான் ஒப்புக்கொண்டு போயிருந்தேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீங்க போட்டா எல்லாம் முடிஞ்சிடும்க்கா. உங்க மேல ஒண்ணும் வராது, அவங்க பாத்துக்குவாங்க. போடலன்னா எனக்கு சஸ்பென்ஷன். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது." காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "எனக்காக வேணாம். கலியமூர்த்திய ஸ்டேஷனுக்குக் கூப்ட்டு உக்கார வெச்சிருக்காங்க. அவருக்காகனா போடுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டால் கலியமூர்த்தி வெளியே வந்துவிடுவார், என் தம்பி மாதிரி இருந்தவரின் வேலை பிழைக்கும், என் பிள்ளையும் பிழைத்துவிட்டாள். பேனாவை எடுத்துவிட்டேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

ஜெனி உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். பேச்செல்லாம் கேட்டிருக்கும். தொண்டை கட்டிப்போன குரலில் சொன்னாள்: "அப்ப நீ எனக்கு டீச்சராவா வந்தே? நான் அம்மான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

பேனாவை மூடினேன். இருதயராஜ் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

அன்றே காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக்கொடுத்தேன். சான்றிதழின் சொந்தக்காரர் விழுப்புரத்தில் இருந்தார். அத்தனை பிள்ளைகளுக்கும் ஒருவரை மட்டும் தனியாக விட்டிருந்தார்கள், அந்த ஒருவர்தான் இரண்டு பிள்ளைகளையும் கரை சேர்த்தார். நான் என் மகளுக்குத் தாயாகப் போயிருந்தேன். கலியமூர்த்தியை விட்டுவிட்டார்கள். முகாம் அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. "சர்டிபிகேட் இல்லாத ஆள இனிமே வெக்கிறதில்ல" என்று சொன்னார்களாம், இதைக் கேட்டு நான் சிரிப்பதா அழுவதா? இருதயராஜ் சில மாதம் சஸ்பென்ஷனில் இருந்துவிட்டுத் திரும்பச் சேர்ந்தார். மாதா கோயிலில் பார்த்தால் வேறு வாசல் வழியாகப் போய்விடுகிறார். முகாம் ஒரு பருவம் மூடிக் கிடந்தது. அடுத்த கோடையில் வேறு பெயர்ப் பலகையோடு திறந்தார்கள். ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரில் வேறு யாருடைய முகமோ தொங்கியது.

நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட பிறகு கலியமூர்த்தியும் நானும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பங்கழியில் வகுப்பு எடுக்கிறோம். அவர் காற்றைச் சொல்லித்தருகிறார், நான் தண்ணீரில் இருக்கும் முகங்களைப் படிக்கச் சொல்லித்தருகிறேன். இன்னும் சண்டை போட்டுக்கொள்கிறோம். "நீங்க ஒண்ணு டீச்சர், எல்லாத்துக்கும் பேஜாரு பண்ணிக்கினு" என்பார். ஆனால் கத்தாத பிள்ளையை இப்போது என்னைவிட முதலில் பார்ப்பவர் அவர்தான்.

உங்களுக்கும் போன் வரும். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வரும். குரல் மரியாதையாக இருக்கும், கேட்பது சின்ன உதவியாகத் தெரியும். நீங்கள் வர வேண்டாம் என்று சொன்னால், யாருடைய பிள்ளை தண்ணீரில் இருக்கப்போகிறது என்று திருப்பிக் கேளுங்கள். அனுபவசாலி ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்றால் கட்டாயம் போங்கள். அவரிடம் கேட்க உங்களுக்கும், உங்களிடம் கேட்க அவருக்கும் ஏதாவது இருக்கும்.

நஸ்ரின் எங்களிடம் நீச்சல் கற்றுக்கொண்டாள். அவள் அப்பாவே கொண்டுவந்து விட்டார். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், நன்றாக நீந்துகிறாள். ஜெனி அந்த நாளுக்குப் பிறகு தண்ணீரில் கால் வைக்கவில்லை. "டீச்சர் பொண்ணுக்கே தண்ணின்னா பயமா?" என்று கேட்டுச் சிரிப்பவர்களுக்கு அவளும் பதில் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வந்து கரையில் உட்கார்ந்து எல்லோருடைய துண்டையும் மடியில் வைத்துக்கொள்வாள். நஸ்ரின் நீந்தும்போது கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் எழுந்து நின்றுவிடுவாள், துண்டெல்லாம் மணலில் விழும்.

"ஏய், எங்கடி இருக்கே? கத்துடி!"

அதனால் நஸ்ரின் கையை வீசுகிற ஒவ்வொரு முறையும், மூச்சு வாங்குகிற இடைவெளியில், "இருக்கேன்டி... இருக்கேன்டி..." என்று கத்திக்கொண்டேதான் உப்பங்கழியைக் கடக்கிறாள்.